மூக்கடைப்புக்குக் காரணம் டர்பினேட் வீக்கம் என்றால்: சிகிச்சைகளை ஒப்பிடும் முறை

"மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால், எந்தச் சதை என்று முதலில் கேளுங்கள். நம் பேச்சில் பாலிப்பும் டர்பினேட்டும் 'சதை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆனால் பாலிப் புதிதாகத் தோன்றுவது, டர்பினேட்டோ மூக்கின் பக்கச் சுவரில் எல்லோருக்கும் இயல்பாகவே இருக்கும் மடிப்பு. உள்ளே மெல்லிய எலும்பும் மேலே இரத்தக் குழாய்கள் நிறைந்த சவ்வும் கொண்டு, உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் உறுப்பு அது. ஆகவே அதை நீக்குவதல்ல, சுருக்குவதே சிகிச்சையின் நோக்கம்.

அடுத்து, வீங்கியிருப்பது சவ்வா எலும்பா என்று அறிய வேண்டும். வீக்கத்தைச் சுருக்கும் மருந்தை மருத்துவர் மூக்கில் இட்டுச் சில நிமிடங்களில் அடைப்பு விலகினால், காரணம் பெரும்பாலும் சவ்வுதான். விலகாவிட்டால், பெருத்த எலும்பையோ, மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் சுவரான நடுத்தண்டு வளைந்திருப்பதையோ சந்தேகிக்கலாம்.

சவ்வு வீக்கத்துக்கு, அதிலும் ஒவ்வாமையால் வந்ததற்கு, மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்களே முதல் தேர்வு. இவற்றின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை அறியாமல், மூன்றே நாளில் "பயனில்லை" என்று நிறுத்திவிடுவோர் பலர் என்பது வருத்தத்துக்குரியது. தலையைச் சற்றே முன்னால் குனிந்து, வலது துளைக்கு இடது கையாலும் இடது துளைக்கு வலது கையாலும், நடுத்தண்டை நோக்காமல் வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவுவது கூடுதல் உதவி. ஒவ்வாமை மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் குறைக்கும் அளவுக்கு அடைப்பைக் குறைப்பதில்லை.

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்துகள் நிமிடங்களில் மூக்கைத் திறக்கின்றன. ஆனால் 5 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அவையே அடைப்பை உண்டாக்கக்கூடும். மாதக்கணக்கில் சொட்டு மருந்தை நம்பியிருப்பவருக்கு, மருத்துவர் துணையுடன் அதை விடுவதே முதல் சிகிச்சை.

மருந்தை ஒழுங்காக இரண்டு மூன்று மாதங்கள் பயன்படுத்தியும் தீராதபோதுதான் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். ரேடியோ அலைச் சிகிச்சையில் சவ்வுக்கு அடியிலுள்ள திசு வெப்பத்தால் சுருக்கப்படுகிறது. மரத்துப்போகும் ஊசியே பெரும்பாலும் போதும், அன்றே வீடு திரும்பலாம். எலும்பு பெருத்திருந்தால் இதனால் பயன் குறைவு. ஆண்டுகள் கழித்து வீக்கம் திரும்பவும் கூடும். மைக்ரோடிபிரைடர் என்ற, திசுவை வெட்டி உறிஞ்சும் சிறு சுழல்கத்திக் கருவி கொண்டு செய்யும் டர்பினோபிளாஸ்டி, மேற்சவ்வைக் காத்து உள்திசுவை நீக்குகிறது. தேவையானால் எலும்பையும் குறைக்கலாம் என்பதால் பலன் நீடிக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் வழக்கமாக முழு மயக்கம் தேவைப்படும். மேற்பரப்பைச் சுடும் லேசர் முறையில் சவ்வு சேதமாகிப் பொருக்குத் தட்டுவது கூடுதல்.

டர்பினேட்டை முழுவதுமாக வெட்டி எடுக்கச் சொன்னால் இன்னொரு காது மூக்கு தொண்டை மருத்துவரையும் கட்டாயம் பாருங்கள். மூக்கு வறண்டு, வழி அகலமாகத் திறந்திருந்தும் மூச்சு போதவில்லை என்ற உணர்வு சிலருக்கு நிலைத்துவிடுகிறது, வெட்டியதைத் திரும்ப வைக்கவும் முடியாது. எந்த முறையானாலும் ஒவ்வாமை அறுவையால் போவதில்லை என்பதால், ஸ்ப்ரேயை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் மருத்துவரிடம் அன்றே கேட்டு வையுங்கள்.