கோவலன் என்ன டைப்பு? எம்பிடிஐ வெச்சு ஒரு சோக நாயகன எடை போடுறது எப்படி

பிரிக்பீல்ட்ஸ் மாமாக்ல தே தாரேக் குடிச்சுக்கிட்டே "நீ ஐஎன்எஃப்ஜேயா, நான் ஈஎன்டிபி லா"ன்னு பேசுற கூட்டத்துக்குத்தான் இது. எம்பிடிஐன்னா ஒரு ஆளோட குணத்த நாலு எழுத்துல டைப்பா பிரிக்கிற டெஸ்ட். அதே விளையாட்ட சிலப்பதிகாரத்துலயும் ஆடலாம். ஆனா கோவலனுக்காக ஆன்லைன் டெஸ்ட்ட நீங்க ஃபில் பண்ணாதீங்க, வர்றது பாதி உங்க டைப்பாத்தான் இருக்கும்.

ஒரு தாள் எடுத்து, நெருக்கடில அவன் என்ன செஞ்சான்னு மட்டும் எழுதுங்க. நெறைய பேரு சறுக்கின எடத்த மட்டும் எழுதிட்டு "பொறுப்பில்லாதவன்"னு முடிச்சுடுறாங்க. சிலப்பதிகாரத்தோட அடைக்கலக் காதைய தொறந்து பாருங்க, மதம் புடிச்ச யானை ஒரு கிழவர துதிக்கைல புடிச்சிருக்கு, கோவலன் யோசிக்கவே இல்ல, பாஞ்சு போய் மீட்டுட்டு யானைமேலயே ஏறி அடக்குறான். மாடலன்ங்கிற மறையவர் அவன "கருணை மறவ"ன்னு கூப்புடுறது அதுக்குத்தான்.

இப்ப கானல் வரிக்கு வாங்க. கடற்கரைல யாழ வாங்கி மொதல்ல பாடுனது அவன்தான், அந்தப் பாட்டக் கேட்டு இவன் மனசுல வேற ஒருத்தி இருக்காளோன்னு நெனச்ச மாதவி பதிலுக்கு அதே மாதிரி ஒண்ணு பாடுறா, அவ்ளோதான், ஒரு கேள்விகூட கேக்காம எழுந்து போயிட்டான். அப்புறம் கண்ணகிகிட்ட. அவ சிலம்பு இருக்குன்னு சொன்னதும் அன்னிக்கு விடியறதுக்குள்ளயே மதுரைக்கு கெளம்பியாச்சு, அப்பா அம்மாக்குக்கூட சொல்லல. 1008 கழஞ்சு பொன்னுக்கு மாதவி மாலைய வாங்குனதும் இதே வேகந்தான்.

பாத்தீங்கள்ல, யானைகிட்ட இருந்து கிழவர காப்பாத்துன அதே குணந்தான் இவன மதுரைல கொண்டுபோய் விட்டுச்சு. டைப் சரியா இருக்கான்னு செக் பண்ண எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி இதுதான், அவனோட நல்ல செயலையும் வீழ்ச்சியையும் ஒரே டைப் விளக்கணும், ஒண்ணத்தான் விளக்குதுன்னா வேற டைப் தேடுங்க. நான் ஈஎஸ்எஃப்பி சொல்வேன். கண் முன்னாடி நடக்குறதுக்கு ஒடனே பாயுறது எஸ்ஸும் பியும், சொத்து போனத "இலம்பாடு நாணுத் தரும்"னு வெக்கமா சொல்றது எஃப், அதாவது உணர்ச்சிய வெச்சு எடை போடுறது. ஈ, அதாவது வெளிய நாலு பேரோட கலந்து பழகுற குணம், கொஞ்சம் வீக்தான், அதுல சண்ட போடலாம்.

ஊழ்வினைய இதுல கலக்காதீங்க. முற்பிறப்புல சங்கமன்ங்கிற வணிகன ஒற்றன்னு காட்டிக்கொடுத்து கொல்ல வெச்சதும் அவன் மனைவி நீலியோட சாபமும் இளங்கோ தர்ற காரணம், டைப் அதுக்கு பதில் சொல்லாது, தனியா எழுதி வைங்க. அப்புறம் எம்பிடிஐய சைக்காலஜிக்காரங்க பல பேரு நம்புறதில்ல, அதனால எஸ்பிஎம் பரீட்சை இலக்கியப் பேப்பர்ல "ஈஎஸ்எஃப்பி"ன்னு எழுதி வைக்காதீங்க, தாள்ல சேத்த ஆதாரத்த எழுதுங்க.

பழகிட்டா அடுத்து பாண்டியன எடுங்க. அவரும் விசாரிக்காமதான் ஆணை போட்டாரு, ஆனா தப்புன்னு தெரிஞ்ச நொடி "யானே கள்வன்"னு தனக்கே தீர்ப்பு சொல்லிட்டு உசுர விட்டாரு பாருங்க, அது பி இல்ல, முடிவெடுத்து அதோட முடிச்சுடுற பக்கா ஜே.