அப்லிங்க் டேட்டாவைச் சுருக்கலாம் வாங்க: எல்டிஇ-யின் யுடிசி-யை லேப்டாப்பில் செய்து பார்க்கும் முறை

மொபைலில் டவுன்லோடு பறக்கும், அப்லோடு நகராது. டவருக்குக் கரண்ட் இருக்கிறது, போனுக்கு பேட்டரிதான். சாதாரண எல்டிஇ (4ஜி) போன் அதிகபட்சம் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட் சக்தியில்தான் அனுப்பும். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் டிடிடி பேண்டில் கான்ஃபிகரேஷன் 2 போட்டிருந்தால், ஒரு ஃபிரேமின் 10 சப்ஃபிரேம்களில் அப்லிங்குக்கு (போனிலிருந்து டவருக்கு) கிடைப்பது 2. அதனால் மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் ரிலீஸ் 15-இல் எல்டிஇ-க்கு யுடிசி என்ற அப்லிங்க் சுருக்கத்தைச் சேர்த்தது. ரிலீஸ் 17-இல் அது 5ஜி-க்கும் வந்தது. உள்ளே இருப்பது புது வித்தை எதுவும் இல்லை, ஜிசிப் கோப்புகளில் இருக்கும் அதே டிஃப்ளேட்தான். முன்பு வந்த சரம் மறுபடி வந்தால், அதை எழுதாமல் "இத்தனை பைட் பின்னால் போய் எடு" என்று மட்டும் குறிக்கும் முறை அது.

இதை உங்கள் போன் செட்டிங்ஸில் தேடாதீர்கள். போனின் மோடமும் டவரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்யும் சமாச்சாரம் அது. நாம் லேப்டாப்பில் அதே வேலையைப் பைத்தானில் செய்து பார்க்கப் போகிறோம். சென்சார் டேட்டா அனுப்பும் சொந்த ஆப்பிலும் இதே புரோகிராமைப் போடலாம்.

சுருக்குவது இசட்லிப்பின் (டிஃப்ளேட் செய்யும் லைப்ரரி) வேலை. அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் ஒரே பஃபரை (அண்மையில் போன பைட்டுகளின் நினைவை) வைத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. கீழே வரும் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

படி 1: பாக்கெட்டுகளைப் பிடியுங்கள்

பாக்கெட் பிடிக்கும் வயர்ஷார்க், பைத்தான், பிடித்த பாக்கெட்டைப் பிரிக்கும் டிபிகேடி லைப்ரரி போதும். ஸ்கேபியும் செய்யும், ஆனால் ஆயிரக்கணக்கான பாக்கெட் என்றால் ஆமை வேகம். நம் ஓட்டு டிபிகேடிக்கு.

பழக ஏற்றது எஸ்ஐபி டிராஃபிக், அதாவது இணைய வழிக் கால்களைத் தொடங்கி முடிக்கும் உரைச் செய்திகள். வீட்டில் ஆஸ்டெரிஸ்க் கால் சர்வர் ஒன்றும் லின்போன் ஆப்பும் வைத்து, குறியாக்கம் இல்லாமல் போர்ட் 5060-இல் நாலைந்து கால் போட்டால் போதும். போன் பக்கத்து ஐபி-யிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுகளை மட்டும் வடிகட்டுங்கள், நமக்கு வேண்டியது அப்லிங்க் மட்டும்.

வயர்ஷார்க் தானாகச் சேமிப்பது பிகேப்-என்ஜி வடிவில். "சேவ் அஸ்" போய்ப் பழைய பிகேப்பாக மாற்றிக்கொள்ளுங்கள், தலைவலி குறையும். அடுத்து, ஒவ்வொரு ஃபிரேமின் முன்னாலும் உள்ள 14 பைட் ஈதர்நெட் ஹெடரை வெட்டுங்கள், ஏனென்றால் எல்டிஇ-யில் சுருக்கம் நடப்பது ஐபி பாக்கெட்டின் மேல். லினக்ஸில் "எனி" இன்டர்ஃபேஸில் பிடித்திருந்தால் வெட்ட வேண்டியது 14 அல்ல, 16 அல்லது 20. சரியாக வெட்டினீர்களா என்று பார்க்கச் சுலப வழி: ஐபிவி4 பாக்கெட்டின் முதல் பைட் வழக்கமாக 69. வேறு எண் வந்தால் கத்தி தவறிவிட்டது. வாலையும் பாருங்கள். சின்ன ஃபிரேம்களை 60 பைட்டுக்கு நிரப்ப ஈதர்நெட் பின்னால் பூஜ்யம் சேர்க்கும். ஐபி ஹெடரில் உள்ள மொத்த நீளத்தை வைத்து அதை நறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இலவசப் பூஜ்யங்களைச் சுருக்கிவிட்டு "ஆகா என்ன ரேஷியோ" என்று மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள்.

படி 2: விண்டோ அளவு

யுடிசி-யில் பஃபர் மூன்று அளவில் வரும்: 2048, 4096, 8192 பைட். இசட்லிப்பில் பஃபரின் பெயர் விண்டோ, அளவை 2-இன் அடுக்காகக் கொடுக்க வேண்டும்: விண்டோ பிட்ஸ் 11, 12, 13. அதன் முன்னால் மைனஸ் குறி போட மறக்காதீர்கள். மைனஸ் இருந்தால் வெறும் டிஃப்ளேட். இல்லாவிட்டால் 2 பைட் ஹெடரும் 4 பைட் அட்லர் செக்சமும் (பிழை சரிபார்க்கும் எண்) ஒட்டிக்கொண்டு வரும். ஜிசிப் வடிவம் என்றால் குறைந்தது 18 பைட் வரி. ஒரு ஜிபி கோப்பில் இது தூசு, 60 பைட் பாக்கெட்டிலோ கணிசமான பங்கு.

இன்னொரு நுணுக்கம். இசட்லிப்பின் சுருக்கி தன் விண்டோ முழுவதையும் திரும்பிப் பார்ப்பதில்லை, 262 பைட்டைக் குறைத்துக்கொள்ளும். 2048 கொடுத்தால் உண்மையில் எட்டுவது 1786 பைட் பின்னால் வரைதான். மோடத்துக்குள் இருப்பதற்கும் நம் சோதனைக்கும் சிறு வித்தியாசம் வந்தால் இதுவும் ஒரு காரணம்.

படி 3: அகராதி

முதல் பாக்கெட் போகும்போது பஃபர் காலி, திரும்பிப் பார்க்க எதுவும் இல்லை. எஸ்ஐபி-யில் போன் தன்னைப் பதிவு செய்யும் ரெஜிஸ்டர் செய்தி, அதாவது முதல் பாக்கெட்டே பெரியது, அதைத்தான் முதலில் குறைக்க வேண்டும். அதற்காகத்தான் இரு பக்கமும் முன்கூட்டியே ஒரே அகராதியைப் பஃபரில் ஏற்றிவைக்கும் வசதி. எஸ்ஐபி-க்கு என்று ஆர்எஃப்சி 3485 என்ற இணையத் தர ஆவணத்தில் ஒரு ரெடிமேட் அகராதி இருக்கிறது, அளவு 4836 பைட். யுடிசி-யும் அதையே எடுத்துக்கொண்டது. ஆபரேட்டர் தனக்கென ஒன்று தயாரித்துக்கொள்ளவும் இடம் உண்டு.

4836 பைட் அகராதியை 2048 விண்டோவுக்குள் தள்ளினால் இசட்லிப் கடைசிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பிழைச்செய்தி வராது. ஆகவே சொந்த அகராதி கட்டும்போது அடிக்கடி வரும் சரங்களைக் கடைசியில் வையுங்கள். தலைகீழாக, முக்கியமானதை முதலில் எழுதிவைப்பது நம் எல்லோருக்கும் கைப்பழக்கம், இங்கே அது செல்லாது. தூரம் குறைந்தால் குறிக்கச் செலவாகும் பிட்டும் குறையும் என்பதால் பெரிய விண்டோவிலும் இந்த வரிசையே நல்லது.

சென்சார் அளவீடுகளை ஜேசன் உரையாக அனுப்புகிறீர்கள் என்றால் அகராதிக்கு ஆராய்ச்சி வேண்டாம். உண்மையான செய்தி இரண்டு மூன்றை எடுத்து அப்படியே ஒட்டுங்கள், போதும்.

படி 4: பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஃப்ளஷ்

இங்கே இரண்டு தவறான வழிகள் உண்டு. எல்லாப் பாக்கெட்டையும் ஒரே கோப்பாக ஒட்டி ஜிசிப் செய்தால் கிடைக்கும் ரேஷியோ அழகாக இருக்கும், ஆனால் பொய். போன் எல்லாம் சேரும்வரை காத்திருப்பதில்லை. தனித்தனியாகப் புதிது புதிதாகச் சுருக்கினாலோ சின்னப் பாக்கெட்டுகள் ஊதிப் பெருகும்.

சரியான வழி: ஒரே ஒரு சுருக்கி ஆப்ஜெக்ட். ஒவ்வொரு பாக்கெட்டையும் கொடுத்து, உடனே "சிங்க் ஃப்ளஷ்" அழைப்பு, இதுவரை கொடுத்ததை அது அப்போதே வெளியே தள்ளும். "ஃபினிஷ்" வேண்டாம், அது கடையையே மூடிவிடும். "ஃபுல் ஃப்ளஷ்" வேண்டவே வேண்டாம், அது பழைய நினைவை அழித்துவிடும், பிறகு எதற்கு இந்தப் பாடு?

சிங்க் ஃப்ளஷ் செய்ததும் விடையின் கடைசியில் 0, 0, 255, 255 என்று 4 பைட் எப்போதும் நிற்கும். எப்போதும் இருப்பதை எதற்கு அனுப்ப வேண்டும்? வெட்டிவிடுங்கள், வாங்கும் பக்கம் மறுபடி ஒட்டிக்கொள்ளட்டும். வெப்சாக்கெட் சுருக்கத்திலும் (ஆர்எஃப்சி 7692) இதே தந்திரம்தான்.

படி 5: பெரிதாகிவிட்ட பாக்கெட்

பலரும் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொள்ளும் இடம் இது, மெதுவாக வாசியுங்கள்.

சில பாக்கெட்டுகள் சுருங்காது. குறியாக்கம் செய்த டிஎல்எஸ் பாக்கெட் வந்தால் 1400 பைட்டோடு இன்னும் சில பைட் கூடிவிடும். "பெரிதானால் அப்படியே அனுப்பு" என்று ஒரு இஃப் எழுதுவீர்கள். நியாயம்தான், யுடிசி ஹெடரிலேயே இதற்கு ஒரு பிட் உண்டு. ஆனால் அந்த இஃப்பை எழுதிய நொடியில் கோட் உடைந்துவிட்டது. சுருங்கியதா என்று தெரிந்துகொள்ள அதைச் சுருக்கியிடம் கொடுத்துவிட்டீர்கள். கொடுத்ததும் அந்த 1400 பைட் சுருக்கியின் நினைவில் ஏறிவிட்டது. மறுமுனைக்கோ அது சுருக்காத பாக்கெட்டாகப் போகிறது, விரிப்பானின் நினைவில் ஏறவில்லை. இரண்டு பஃபரும் இப்போது வேறு வேறு.

அடுத்த பாக்கெட்டில் சுருக்கி "600 பைட் பின்னால் போய் 40 பைட் எடு" என்று சொல்லும். விரிப்பான் அதன் 600 பைட் பின்னால் போய் வேறு எதையோ எடுத்துவரும். அதிர்ஷ்டம் இருந்தால் தூரம் எல்லை மீறியதாகப் பிழை வரும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் பிழையே வராது, குப்பை மட்டும் வரும்.

தீர்வு: பாக்கெட்டைக் கொடுப்பதற்கு முன் சுருக்கி ஆப்ஜெக்டின் "காப்பி" மெத்தடை அழைத்து ஒரு பிரதி எடுத்துவையுங்கள். விடை பெரிதானால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பிரதிக்குத் திரும்புங்கள். இதனால் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே ஒரு டிஎல்எஸ் பாக்கெட் உள்ளே புகுந்தால் 2048 பைட் பஃபரில் மூன்றில் இரண்டு பங்கு உபயோகமற்ற சரக்கால் நிரம்பி, பயனுள்ள பழைய எஸ்ஐபி வரிகள் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

படி 6: ஒரு பைட் ஹெடரும் செக்சமும்

ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் ஒரு பைட். முதல் பிட், சுருக்கியதா இல்லையா. இரண்டாவது, பஃபர் ரீசெட் ஆனதா. அடுத்த இரண்டு சும்மா. கடைசி 4 பிட் செக்சம்.

இது பாக்கெட்டின் செக்சம் அல்ல, பஃபரின் செக்சம். அதுவும் இந்தப் பாக்கெட் உள்ளே போவதற்கு முன்னால் இருந்த பஃபர். வரிசை மாறினால் எல்லாமே தப்பாகும். இசட்லிப் தன் விண்டோவைக் காட்டாது என்பதால், பஃபர் அளவுக்கு ஒரு பைட் வரிசையை நீங்களே தனியாக வைத்துக்கொண்டு, சுருக்கிய ஒவ்வொரு பாக்கெட்டின் மூல வடிவத்தையும் வால் பக்கம் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

கணக்கு: பஃபரின் முதல் 4 பைட், கடைசி 4 பைட். ஒவ்வொரு பைட்டையும் இரண்டு 4 பிட் எண்ணாக உடைத்து, 16 எண்ணையும் கூட்டி, கடைசி 4 பிட்டை எடுத்துத் தலைகீழாக்குங்கள் (0 இருந்தால் 1, 1 இருந்தால் 0).

அகராதி இல்லாத காலிப் பஃபரில் எல்லாம் பூஜ்யம். கூட்டல் 0, தலைகீழ் 15. எனவே ரீசெட்டுக்குப் பின் போகும் முதல் ஹெடர் பைட் 128 + 64 + 15 = 207. உங்கள் கோட் இதைக் காட்டாவிட்டால் மேலே போக வேண்டாம்.

அந்தப் பாக்கெட் உடல் இல்லாத எஸ்ஐபி செய்தி என்று வையுங்கள். அதன் கடைசி 4 பைட் 13, 10, 13, 10. கூட்டல் 46, 16-ஆல் வகுத்த மீதி 14, தலைகீழ் 1. அடுத்த ஹெடர் 128 + 1 = 129. அதற்கடுத்ததும் அப்படியே முடியும் செய்தியானால் மறுபடி 129. பஃபர் நிரம்பித் தலைப் பக்கம் பூஜ்யம் நகரும்வரை செக்சம் எதையும் கண்டுபிடிக்காது! சோதனையில் "செக்சம் ஒத்துப்போகிறது, ஆனால் விரிந்தது குப்பை" என்று வந்தால் மிரள வேண்டாம், 4 பிட் காவலாளியிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்.

படி 7: ரீசெட்

வாங்கும் பக்கம் செக்சம் பொருந்தாவிட்டால் திரும்பச் செய்தி அனுப்பும். அனுப்பும் பக்கம் புதுச் சுருக்கி ஆப்ஜெக்ட், புதுப் பஃபர், அகராதி இருந்தால் அதையும் மறுபடி ஏற்றி, ரீசெட் பிட்டை 1 ஆக்கிவிட்டுத் தொடரும். இவற்றில் ஒன்றை மறந்தால் ரீசெட்டே அடுத்த ரீசெட்டைக் கூப்பிடும்.

எங்கே பலன்

எஸ்ஐபி, டிஎன்எஸ், குறியாக்கமில்லாத ஜேசன்: நல்ல பலன். டிஎல்எஸ்: பெரிய பலன் இல்லை. வோல்ட்இ (4ஜி வழிக் கால்) குரல் பாக்கெட்டுக்கு இது வேண்டாம், அங்கே ஆர்ஓஎச்சி என்ற ஹெடர் சுருக்கம் 40 பைட் ஹெடரை மூன்று நான்கு பைட்டாக்கிவிடும். குரல் டேட்டா ஏற்கெனவே சுருக்கியதுதான். ஒரே பேரரில் (டேட்டா போகும் தடத்தில்) ஆர்ஓஎச்சியும் யுடிசியும் சேர்ந்து ஓடாது.

எப்போதும் சுருக்கம் முதலில், குறியாக்கம் பிறகு. சொந்த ஆப்பிலும் டிஎல்எஸ்-க்குள் கொடுப்பதற்கு முன்பே சுருக்குங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் மாட்டிய இடங்கள்

யுடிபி-யில் போட்டால் உடைகிறது என்றார்கள். உடையும். இந்த முறைக்குப் பாக்கெட் ஒன்றும் தொலையாமல் வரிசை மாறாமல் வர வேண்டும், எல்டிஇ-யில் கீழ் அடுக்கு அதைப் பார்த்துக்கொள்கிறது. யுடிபி என்றால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அகராதி ஏற்றிய புதுச் சுருக்கியைப் பயன்படுத்துங்கள். ரேஷியோ குறையும், நிம்மதி கூடும்.

மைக்ரோகன்ட்ரோலரில் மெமரி போதவில்லை என்பது அடுத்தது. இசட்லிப் சுருக்கி தன் இயல்பான அமைப்பில் சுமார் 256 கேபி கேட்கும். விண்டோ பிட்ஸ் 11, மெம் லெவல் (சுருக்கி எடுக்கும் மெமரியைக் கட்டுப்படுத்தும் எண்) 4 என்று வைத்தால் 16 கேபி-யும் கொஞ்சமும் போதும். இசட்ஸ்டாண்டர்டு என்ற இன்னொரு சுருக்க முறை சர்வரில் அருமை, ஆனால் இவ்வளவு சின்னப் போர்டில் நான் அதைத் தொடமாட்டேன்.

சிலர் லாகின் டோக்கனையும் வெளியாள் அனுப்பும் உரையையும் ஒரே ஓட்டத்தில் சுருக்கியிருந்தார்கள். 2012-இல் வந்த கிரைம் தாக்குதல் இதை வைத்துத்தான்: நீளம் குறைவதைப் பார்த்தே ரகசியத்தை எழுத்தெழுத்தாக ஊகித்துவிடலாம். டோக்கனைச் சுருக்கத்துக்கு வெளியே அனுப்புங்கள்.

"80 பைட்டை 50 ஆக்கியும் பேட்டரி நீடிக்கவில்லையே" என்ற கேள்வியும் வந்தது. ஒவ்வொரு முறையும் ரேடியோ விழித்து, இணைந்து, அனுப்பி முடித்த பிறகும் டைமர் தீரும்வரை விழித்தே இருக்கும். அந்தச் செலவின் முன் 30 பைட் ஒன்றுமில்லை. அவசரமில்லாத அளவீடுகள் பத்தைச் சேர்த்துவைத்து ஒரே செய்தியாகச் சுருக்கி அனுப்புங்கள். அப்போது முதல் அளவீடே மற்ற ஒன்பதுக்கும் அகராதியாகிவிடும்.