கிடாய்க்குட்டிக்குக் காயடிக்க ரப்பர் வளையம் போடும்போது

வளையத்தை, அதை விரித்துப் பிடிக்கும் இடுக்கியிலிருந்து கழற்றி விடுவதற்கு முன்னால், விதைப்பையின் அடிப்பகுதியை விரலால் தடவி இரண்டு விதையும் வளையத்துக்குக் கீழே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்; சின்ன முலைக்காம்புகள் மேலேயே இருக்க வேண்டும், அவை வளையத்துக்குள் சிக்கக் கூடாது.

குட்டி துள்ளும்போது ஒரு விதை சட்டென்று மேலே வழுக்கி வயிற்றோரம் போய்விடும், அது தெரியாமல் வளையத்தை விட்டால் பை மட்டும் காய்ந்து விழும், உள்ளே நிற்கும் விதையால் கிடாய் வளர்ந்த பிறகும் மொச்சை வாடை, பொட்டையைத் துரத்துவது எதுவும் குறையாது. வளையம் சரியாக விழுந்திருந்தால் ரத்த ஓட்டம் நின்று சில வாரங்களில் பை தானாகவே உதிர்ந்துவிடும். ஒன்றுதான் சிக்கியிருக்கிறது என்றால் யோசிக்காமல் வளையத்தை அப்போதே வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். வளையம் பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் வேண்டவே வேண்டாம்.

இது இளங்குட்டிக்கு மட்டும்தான். பை பெருத்த கிடாய்க்கும், ஒரு விதை இறங்காத குட்டிக்கும், குடலிறக்கம் உள்ளதற்கும் இது ஆகாது, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். அப்புறம், வளையத்துக்குக் கீழே செத்துப்போகும் சதையில் ஜன்னிக் கிருமி நன்றாக வளரும், அதனால் டெட்டனஸ் ஊசியையும் வலி மரத்துப்போக மருந்தையும் டாக்டரிடம் கேட்டுப் போடுவது அவசியம். நம் கடலூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டில் முழுக்கச் சேறும் ஈயுமாக இருக்கும், முடிந்தால் அந்த இரண்டு மாதமும் தள்ளிப் போடுங்கள்.