"இறால் ஆகாது" என்று வாடிக்கையாளர் சொன்னால்

ராமேஸ்வரம், மண்டபம் பக்க ஓட்டல்களில் இது அடிக்கடி காதில் விழும். சர்வர் உடனே கேட்க வேண்டியது: "பிடிக்காதா சார், இல்ல சாப்பிட்டா உடம்புக்கு ஏதும் ஆகுமா?" பிடிக்காது என்றால் இறாலை விட்டுவிட்டுச் சமைத்தால் போதும். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் ஆர்டர் சீட்டில் சிவப்பு மையில் எழுதி, மாஸ்டரிடம் நேரிலும் சொல்ல வேண்டும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் எண்ணெய்ச் சட்டியில். இறால், நண்டில் ஒவ்வாமை தரும் புரதம் சூட்டில் அழியாது. அதே எண்ணெயில் பொரித்த அப்பளமும் ஆபத்துதான். தனிச் சட்டி, புது எண்ணெய், கழுவிய கரண்டி. தோசைக்கல்லைத் துணியால் துடைத்தால் போதாது, சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். குழம்பிலிருந்து இறாலைப் பொறுக்கிவிட்டுப் பரிமாறுவது கூடவே கூடாது. துவையலில் கூனிப்பொடி (காய்ந்த சின்ன இறால் பொடி) இருப்பதைப் பலரும் மறந்துவிடுவார்கள்.

சூரை மீன் விஷயம் வேறு. ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை மாதிரியே அரிப்பு தரும் பொருள் சேரும், கொதித்தாலும் போகாது. ஒவ்வாமையே இல்லாதவருக்கும் முகம் சிவந்து அரிக்கும். படகிலிருந்து அடுப்பு வரை ஐஸ் குறையாத மீனை மட்டும் வாங்குங்கள்.

யாருக்காவது மூச்சு இழுத்தால் மோர் கொடுத்துப் பார்க்காதீர்கள். உடனே 108.