கம்பெனி மொதலாளிக்கு பாட்டு எழுதுறது எப்படி

ஸ்கூல் ஆண்டு விழாவுக்கோ, லீவுல சும்மாவோ, போனயும் களிமண் பொம்மையையும் வச்சு அனிமேஷன் படம் பண்ற பசங்களுக்கும் அவங்கள மேய்க்கிற டீச்சர், அண்ணன், அக்காமாருக்கும்தான் இது. நம்ம கரையில கதைனு உக்காந்தா எல்லாருக்கும் ஒண்ணேதான் வருது, கடல நாசம் பண்ற ஒரு கம்பெனி, எதுத்து நிக்கிற ஒரு பிள்ள, கூட ஒரு ஆமை. அது பரவால்ல. வில்லன் பாட்டுலதான் கோட்ட விட்டுறாங்க, 'நான் கெட்டவன், நான் பேராசக்காரன்'னு அவனே மைக்க புடிச்சு பாடுறான். எந்த மொதலாளியும் தன்ன அப்படி சொல்லிக்கிட்டு நான் பாத்ததில்ல. மீசையும் செவப்புக் கண்ணும் வேண்டாம், வெள்ளச் சட்ட, சிரிச்ச மொகம், அது போதும்.

மொதல்ல ஒரு பேப்பர்ல அவன் ஊருக்கு நெசமாவே செஞ்ச நல்லத எழுதுங்க. கோயில் கொடைக்கு பந்தல் போட்டான், பிள்ளைகளுக்கு நோட்டு குடுத்தான், நாப்பது வீட்டுக்கு வேல குடுத்தான், இப்படி. இதுதான் பல்லவி. 2012ல வந்த 'தி லோராக்ஸ்' படத்துல மரத்துப் பஞ்ச பின்னி வித்து பணக்காரனாகுற ஒன்ஸ்லர் பாடுற பாட்ட கேட்டுப் பாருங்க, நான் அப்படி என்ன கெட்டவன்னு கேட்டுக்கிட்டேதான் பாடுறான், இயற்கையிலயே பலசாலிதான் நிப்பான்ங்கிறான், வர்ற காசுல ஒரு பங்கு தர்மத்துக்கு போகுதுங்கிறான், பின்னாடி காடு மொட்டையாகிட்டே இருக்கு. வாய் ஒண்ணு சொல்லும், படம் வேற ஒண்ணு சொல்லும். பேராசைய பாட்டு வரியில வைக்காதீங்க, படத்துல வைங்க.

அடுத்து காசு எப்படி சுத்துதுன்னு பாட்டுக்குள்ள வரணும், இத யாரும் செய்றதில்ல, எனக்கு இதுதான் முக்கியம்னு படுது. 'பணம் பணம்'னு பாடினா பிள்ளைகளுக்கு ஒண்ணும் புரியாது. நம்ம ஊர்ல முன்பணம்னா என்னன்னு அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும், வல வாங்க, மோட்டார் மாத்த வியாபாரிகிட்ட வாங்குறது, வட்டி கெடையாது, ஆனா பிடிச்ச மீன், நண்டு, கணவாய் எல்லாம் அவருக்குத்தான் போடணும், வெலைய அவருதான் சொல்லுவாரு. எல்லாரும் மோசம்னு நான் சொல்லல, அந்த காசு இல்லாம கடலுக்கே போக முடியாதவங்க இருக்காங்க, அதனாலதான் இது வில்லன் பாட்டுக்கு அவ்ளோ பொருத்தம். 1989ல வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்'ல வில்லியா வர்ற கடல் சூனியக்காரி உர்சுலாவோட பாட்டு, அந்த கடல்கன்னி பொண்ணு ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுலதான் போய் நிக்கும், வரிகள் ஹோவர்ட் ஆஷ்மன் எழுதினது. பாட்டு ஆரம்பிக்கும்போது அவ யோசிச்சிட்டு இருப்பா, முடியும்போது திரும்ப வழி இருக்காது. உங்க பாட்டும் ஒரு ரேக வைக்கிறதுலயோ கைய நீட்டி காச வாங்குறதுலயோ முடியட்டும்.

மெட்டுக்கு எங்கயும் அலைய வேண்டாம். கரையில நின்னு கரவல இழுக்குறப்ப பாடுற அம்பா இருக்கே, ஒருத்தர் அடி எடுத்துக் குடுக்க மத்தவங்க ஏலேலோனு பின்பாட்டு சொல்லி இழுப்பாங்க, மீன் சேர்ற வல மடி கரைய நெருங்க நெருங்க வேகம் கூடும், அந்த அமைப்ப அப்படியே வில்லன் கையில குடுத்துருங்க. இழுக்குறவங்க பாட்ட அவன் எடுத்துக்கிட்டான், அவங்களயே தனக்கு பின்பாட்டு பாட வச்சிட்டான், கம்பெனி என்ன செய்யுதுன்னு தனியா ஒரு வசனம் வேண்டியதில்ல. நான் ஒரு மாதிரிக்கு எழுதினது:

மோட்டாரு வேணுமா மச்சான் – ஏலேலோ
மொதல்ல பணத்தப் புடி – ஏலேலோ
வட்டி கிட்டி இல்ல மச்சான் – ஏலேலோ
வாரதெல்லாம் எனக்கு – ஏலே...

கடைசி ஏலேலோ முழுசா வரல பாருங்க, அங்கதான் ஒருத்தன் தலைய தூக்கி பாக்குறான். மோ-மொ, வ-வா னு மோன விழுந்தா போதும், எதுகைக்காக சொல்ல வளைக்காதீங்க, பேசுற மாதிரி இருந்தாத்தான் நாக்குல நிக்கும். மூணு சரணம் வைங்க. மொதல்ல பின்பாட்டு கணீர்னு வரணும், ரெண்டாவதுல மூச்சு வாங்கணும், மூணாவதுல நின்னுரணும், அவன் மட்டும் நிறுத்தாம அதே வேகத்துல பாடிட்டே போகணும்.

ஹீரோயினுக்கு தனிப் பாட்டு எழுதி ரெண்டு நிமிஷம் வீணாக்காம இதே பாட்டுக்குள்ள அவளுக்கு நாலு வரி குடுக்கலாம். 1995ல வந்த 'போகஹாண்டஸ்'ல வில்லன் கவர்னர் ராட்கிளிஃப் தங்கத்த தோண்டுங்கடானு பாடுற அதே பாட்டுலயே ஹீரோ ஜான் ஸ்மித் இந்த மண்ணு எவ்ளோ அழகுன்னு பாடுவான். நம்ம கதையில அவ கடல்பாசி எடுக்குற வீட்டுப் பிள்ளையா இருந்தா, மொதலாளி கிலோ வெல சொல்ற அதே தாளத்துல அவ கட்டக்கோர, கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துனு பாசிங்க பேரு சொல்லட்டும். வெரல்ல துணி சுத்திக்கிட்டு முங்குற அவங்க அம்மா கைய ஒரு குளோசப் போடுங்க.

படத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடா தேசிய பூங்காவ 1986ல அறிவிச்சப்ப 21 தீவு, அதுல பூவரசன்பட்டி, விலங்குசல்லி ரெண்டும் இப்ப தண்ணிக்குள்ள கெடக்கு, பவளப்பாறைய சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்தது பெரிய காரணம். ஒன்ஸ்லருக்கு காடு மொட்டையாகுற மாதிரி உங்களுக்கு இது. கரையில கெடக்குற மணல், சங்கு, காஞ்ச பாசி வச்சு ஒரு குட்டித் தீவு செய்ங்க, ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு பிடி எடுத்துக்கிட்டே வாங்க. அதே பிடி மொதலாளி மேசைக்கு பக்கத்துல குமியணும். பவளத்த மட்டும் தொட்டுறாதீங்க, உயிரோட இருந்தாலும் செத்துக் கெடந்தாலும் சட்டத்துல குத்தம், வில்லன் பாட்டுக்கு படம் எடுக்கப்போயி நாமளே வில்லன் ஆகிருவோம்.

பாட்ட மொதல்ல ரெக்கார்ட் பண்ணிட்டு அப்புறம்தான் பொம்மைய அசைக்கணும், பெரிய படத்துலயும் வழக்கம் அதுதான். நொடிக்கு 12 போட்டோ, ஒன்னர நிமிஷப் பாட்டுன்னா 1,080 போட்டோ, அதனால ஒன்னர நிமிஷத்துக்கு மேல ஆசப்படாதீங்க. ஏலேலோ எந்தெந்த நொடியில விழுதுன்னு நோட்டுல குறிச்சு வச்சுக்கிட்டா பொம்மைங்க கயிறு இழுக்குறது தாளத்துல உக்காரும். கடல் பக்கத்துல ரெக்கார்ட் பண்ணலாம்னு தோணும், வேண்டாம், காத்து மைக்க பிச்சிரும், உள் ரூம்ல போர்வைய தொங்கவிட்டு பாடுங்க, அல சத்தத்த தனியா எடுத்து அடியில மெதுவா ஓட விடுங்க. பின்பாட்டுக்கு ஒரே ஆள வச்சு நாலு தடவ பாட வைக்காம வேற வேற வயசுல நாலு பேர நிக்க வைங்க, ஒரு தாத்தா கொரலு இருந்தாலே பாட்டுக்கு எடை வந்துரும்.

முடிச்சதும் படம் இல்லாம பாட்ட மட்டும் தெருப் பிள்ளைகளுக்கு போடுங்க. ரெண்டாவது தடவ ஓடும்போது ஏலேலோ அவங்களே சொன்னா மெட்டு சரி. மூணாவது சரணத்துல பின்பாட்டு நின்னப்புறமும் அவங்க சொல்லிட்டே இருந்தா அங்க அமைதி பத்தல, தாளத்த ரெண்டு அடி விட்டுட்டு வில்லன் கொரல மட்டும் வைங்க.