உப்புக்காற்றில் இறுகிய ரேடியோ ஸ்க்ரூ: தலை சிதையாமல் கழற்றும் முறை

தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கத்து வீடுகளில் இருக்கும் பழைய வால்வு ரேடியோக்கள் கடற்காற்றும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் கண்டவை. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மரை (ஸ்க்ரூவின் புரி) இடுக்கில் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஸ்க்ரூ அசைவதில்லை. பாகங்களைத் தாங்கும் தகடான சேஸிஸ் அலுமினியம் என்றால் வெள்ளைப் பொடியும் பூத்திருக்கும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பில்டர் கண்டென்சரில் 250, 300 வோல்ட் நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் கிளிப்பால் அதன் இரு முனைக்கும் நடுவே 10 விநாடி வைத்து, மீட்டரில் சரிபாருங்கள். கண்ணாடி வால்வுகளையும் கழற்றி வையுங்கள்.

அடுத்தது எண்ணெய். கைக்கு எட்டுகிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மரைக்குள் இறங்காது. துரு இளக்கும் ஸ்ப்ரேயைச் சின்ன மூடியில் அடித்து, ஊசி முனையால் ஒரு சொட்டு மட்டும் வையுங்கள். நேராக அடித்தால் ஸ்பீக்கர் காகிதம் ஊறிவிடும், டயல் எழுத்தும் அழியலாம். ஒரு ராத்திரி விடுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பாதி ஸ்க்ரூக்கள் பாழாகின்றன.

காலையில் ஸ்க்ரூ வெட்டிலுள்ள அழுக்கைக் குண்டூசியால் சுரண்டுங்கள். திருப்புளி முனை வெட்டின் நீளத்தையும் கனத்தையும் நிறைக்க வேண்டும். ஒல்லியான முனை ஓரங்களைத் தின்றுவிடும். ஜப்பான் செட்டில் ஸ்க்ரூ தலையில் சின்னப் புள்ளி தெரிந்தால் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) திருப்புளி வாங்குங்கள். சாதாரண ஸ்டார் முனை அதில் முழுசாக உட்காராது, ஏறி வழுக்கும்.

திருகுவதைவிட அழுத்துவதில்தான் பலம் வேண்டும். முதலில் ஒரு மயிரிழை இறுக்குங்கள், துரு உடையும். பிறகு தளர்த்துங்கள். அசையாவிட்டால், எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு 60 வாட் சால்டரிங் அயனைத் தலையில் 2 நிமிடம் வைத்து, ஆறவிட்டு முயலுங்கள். பேக்லைட், பிளாஸ்டிக் அருகே சூடு வேண்டாம்.

தலை மழுங்கிவிட்டால் ஹாக்சா பிளேடால் புது வெட்டு போடலாம். அதற்கு முன் ஸ்பீக்கரைத் துணியால் சுற்றிவிடுங்கள். இரும்புத்தூள் காந்த இடைவெளிக்குள் போனால் அங்குள்ள கம்பிச்சுருளில் உரசும், குரல் கரகரக்கும்.

மாட்டும்போது பழைய ஸ்க்ரூவையே போடுங்கள். பிரிட்டிஷ் செட்களில் பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) அளவு மரை. 4 பிஏ என்பது 3.6 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவைத் திணித்தால் மரை போய்விடும். குமிழின் பக்கவாட்டுக் குழியிலுள்ள ஸ்க்ரூவின் மேல் மெழுகு இருந்திருந்தால் மறுபடி உருக்கி ஊற்றுங்கள். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் செட்களில் சேஸிஸ் நேரே மெயின்ஸில், அதாவது வீட்டு மின்சாரத்தில், இருக்கும். அந்த ஸ்க்ரூவில் விரல் படாமல் காப்பது அந்த மெழுகுதான்.