என்டர் தட்டுவதற்கு முன்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 12-இலிருந்து 13-க்கு மாற்றிய இரவில் என் கேட்வே செர்வர், அதாவது மற்ற கணினிகளுக்கு இணையத்தைக் கடத்தித் தரும் செர்வர், ஒரு முணுமுணுப்புக்கூடக் காட்டவில்லை. பேக்கேஜ்கள் இறங்கின, விரிந்தன, அமைந்தன. மறுதொடக்கம் செய்தேன், உள்ளே நுழையவும் முடிந்தது. ஆனால் அதன் பின்னால் இருந்த ஒரு கணினிக்கும் இணையம் இல்லை. கேபிளைச் சந்தேகித்தேன். ஃபயர்வால் விதிகளை வரிவரியாகப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மற்ற கணினிகளின் தரவைக் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங் மதிப்பைக் கேட்டால், பூஜ்யம் என்கிறது. கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல் டாட் கான்ஃப் கோப்பில் நான் 1 என்று எழுதி வைத்த வரி வட்டில் அழியாமல்தான் இருந்தது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை. 13-இல், கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை. சிஸ்சிடிஎல் டாட் டி என்ற அடைவுக்குள் இருப்பதைத்தான் படிக்கிறது.

இது ரகசியமில்லை. வெளியீட்டுக் குறிப்பின் ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார்கள். நான் நான்காம் அத்தியாயத்தோடு மூடிவிட்டேன். கட்டளைகள் நான்கில்தான் இருக்கின்றன. ஐந்தில் இருப்பதோ வெறும் எச்சரிக்கைகள் என்ற இளப்பம்.

அந்த இரவுக்குப் பிறகு வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டேன். பெரிய அப்கிரேடின் நடுவில் வரும் அறிவிப்பை நடுவில் படிக்கக்கூடாது. அந்த நேரத்தில் மனத்தில் ஒரே ஆசைதான் இருக்கும்: சீக்கிரம் முடிய வேண்டும். அப்போது திரையில் எது வந்தாலும் விரல் தானாக என்டருக்குப் போகும். ஆகவே, படிப்பதை முன்னால் தள்ளுங்கள். செய்ய வேண்டியதைப் பட்டியலாக்குங்கள். நடுவில் வருவதைப் பதிவு செய்து மட்டும் வையுங்கள். கீழே இருப்பதெல்லாம் இதற்கான விவரம். நான் டெபியனை வைத்தே சொல்கிறேன், நாள் முழுவதும் புழங்குவது அதில்தான் என்பதால்.

ஐந்தாம் அத்தியாயத்தைப் படிக்கும்போது கையில் செர்வர்களின் பட்டியல் இருக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் படித்தால் எல்லாம் பொதுவான செய்தியாகத் தோன்றும். ஒவ்வொரு பத்திக்கும் ஒரே கேள்வி: இது என் எந்தச் செர்வரைத் தொடுகிறது? முக்கால்வாசிக்கு விடை "எதையும் இல்லை" என்றுதான் வரும். மீதிக்கு ஒரு வரி எழுதுகிறேன். 13-க்காக நான் எழுதியவற்றில் இரண்டு (டிஎம்பி என்பது தற்காலிகக் கோப்புகளின் அடைவு, டம்ப் என்பது தரவின் நகல், எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து நுழையும் வழி):

"டிஎம்பி அடைவு இனி நினைவகத்தில். பேக்கப் செர்வர் இரவு டம்பை அங்கேதான் எழுதுகிறது. அப்கிரேடுக்கு முன்பே இடம் மாற்று."

"எஸ்எஸ்எச்சில் டிஎஸ்ஏ சாவி ஒழிந்தது. பழைய சுவிட்ச் ஒன்றுக்கு அதுதான் வழி. எஸ்எஸ்எச்1 கட்டளை உள்ள தனி கிளையன்ட் பேக்கேஜை நிறுவி வை."

செர்வரின் பெயர், காரணம், முன்பா பின்பா. இந்த மூன்றும் இல்லாத வரி பட்டியலில் இருந்தும் பயனில்லை. "டிஎம்பி மாறுகிறது, கவனிக்கவும்" என்று எழுதினால் கவனிப்பது யார், எப்போது? டிஎம்பிக்கு இயல்பாகக் கிடைப்பது நினைவகத்தின் பாதி அளவு வரைதான். எட்டு ஜிபி நினைவகம் உள்ள செர்வரில் பத்து ஜிபி டம்ப் எழுதும் வேலை, அப்கிரேடு முடிந்த முதல் இரவே முறிந்துவிடும்.

எதில் அதிக நேரம் செலவழிப்பது என்பதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். உடைந்தவுடன் கத்தும் மாற்றங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 12-இல் வந்த பைத்தான் மாற்றம் அந்த வகை. சிஸ்டம் பைத்தானில் பிப் என்ற நிறுவி கொண்டு எதையாவது நிறுவப் போனால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று முகத்திலேயே சொல்லி நின்றுவிடும். மாற்று வழியையும் அங்கேயே காட்டும். ஊமையாக உடைபவைதான் ஆபத்து. என் ஃபார்வர்டிங் வரி ஊமை. 12-இல், வன்பொருளை இயக்கும் ஃபர்ம்வேர் பேக்கேஜ்கள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவுக்கு மாறினவே, அதுவும் ஏறக்குறைய ஊமைதான். பேக்கேஜ்கள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் மூலப் பட்டியலில் அந்தப் பிரிவைச் சேர்க்காவிட்டாலும் பழைய ஃபர்ம்வேர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். புதியது வராது, வரவில்லை என்பது எளிதில் கண்ணில் படவும் படாது. "இனி படிக்கப்படாது", "இனி இயல்பாக இருக்காது", "வேறு பெயரில்" போன்ற சொற்களைக் கண்டால் அங்கே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

வெளியீட்டுக் குறிப்பு எல்லோருக்கும் பொதுவானது. அதற்குள் வராத சிறு பேக்கேஜ்களின் சேதி, அந்தந்தப் பேக்கேஜுக்குள் நியூஸ் டாட் டெபியன் என்ற கோப்பில் இருக்கும். அதை எடுத்துக் காட்டுவதுதான் ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் என்ற கருவி. பலரும் அதை அப்கிரேடின் நடுவில் மறித்து நிற்கும் தொல்லையாகத்தான் அறிவார்கள். ஆனால் அதை முன்னதாகவே, நிறுவாமலேயே ஓட்டலாம். மூலப் பட்டியலைப் புதிய வெளியீட்டுக்கு மாற்றி, பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட்டிடம் "இறக்க மட்டும் செய், நிறுவாதே" என்று சொல்லுங்கள். டெப் கோப்புகளெல்லாம் (பேக்கேஜ் கோப்புகள்) கேஷ் அடைவில் வந்து சேரும். பிறகு ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸுக்கு அந்தக் கோப்புகளையே கொடுத்து, செய்திகளை மட்டும் காட்டச் சொல்லி, விடையை ஒரு கோப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் காபியோடு படிக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் அந்தச் செர்வரில் வேறு எதையும் நிறுவ வேண்டாம். மூலப் பட்டியல் ஏற்கெனவே மாறிவிட்டது. சின்னக் கருவி ஒன்றை நிறுவப் போய்ப் பாதி சிஸ்டத்தைப் புதியதாக்கிக்கொள்வீர்கள். குளோன் எடுத்த ஒரு மெய்நிகர் கணினியில் இதைச் செய்வது இன்னும் நல்லது.

இனி அப்கிரேடு நாள். தொலைவிலிருந்து செய்வதானால், தொடர்பு அறுந்தாலும் வேலை நிற்காமல் ஓட, டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள்தான். 12-இலிருந்து போகிறவர்கள் முதலில் 12-இன் கடைசித் திருத்தங்கள் வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஓபன்எஸ்எஸ்எச் பழைய நிலையிலேயே இருந்து, நடுவில் வேலை நின்றுபோனால், மறுபடி உள்ளே நுழைய முடியாமல் போகலாம். அடுத்து, ஸ்கிரிப்ட் என்ற கட்டளையைத் தொடங்கிவிட்டு அதற்குள் அப்கிரேடை ஓட்டுங்கள். திரையில் வரும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கோப்பில் பதிவாகும்; நேரக் கோப்பையும் சேர்த்து வாங்கினால், பிறகு ஸ்கிரிப்ட்ரீப்ளே கொண்டு திரைப்படம் போல ஓட்டிப் பார்க்கலாம். டெபியன்காரர்களே வெளியீட்டுக் குறிப்பில் இதைச் சொல்கிறார்கள். ஓடிப்போன வரியைப் பிடிக்க மேலே ஸ்க்ரோல் செய்து தவிக்கும் வேலை இதனால் இல்லை. பதிவு செய்ய மறந்துவிட்டாலும், வார்-லாக்-ஆப்ட் அடைவில் டெர்ம் டாட் லாக் என்ற கோப்பில் பெரும்பகுதி கிடைக்கும்.

நடுவில் உங்களை நிறுத்திக் கேட்கும் கேள்விகளில் மிகுதியாக வருவது அமைப்புக் கோப்பைப் பற்றியது. நீங்கள் திருத்திய கோப்பைப் பேக்கேஜும் மாற்றியிருந்தால்தான் இந்தக் கேள்வி எழும். ஆகவே அது வந்தாலே பொருள் உண்டு. ஒய் (Y) அடித்தால் புதியது, "என்" (N) அடித்தால் உங்களுடையது, டி அடித்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, இசட் அடித்தால் ஷெல். வெறும் என்டர் என்றால் உங்களுடையதே நிற்கும். நான் முதலில் டி. பேக்கேஜ் மாற்றியது கருத்துரை வரிகளை மட்டும் என்றால் ஒய் அடித்துவிட்டு என் ஓரிரு வரிகளைத் திரும்ப எழுதுவேன். மற்றபடி "என்"தான். நடுராத்திரியில் கோப்புகளை இணைத்துப் பார்க்கும் வீரத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. "என்" சொன்னால் புதிய கோப்பு டிபிகேஜி-டிஸ்ட் என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே காத்திருக்கும். ஒய் சொன்னால் பழையது டிபிகேஜி-ஓல்டு ஆகும். யூசிஎஃப் என்ற இன்னொரு கருவி வழியாக வரும் கோப்புகளுக்கு யூசிஎஃப்-டிஸ்ட், யூசிஎஃப்-ஓல்டு. அப்கிரேடு முடிந்த மறுநாள், இடிசி அடைவுக்குள் இந்த நான்கு பின்னொட்டுகளையும் தேடி ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். தீர்த்ததும் அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அப்கிரேடில் எது எந்தக் காலத்தது என்று தெரியாது. நான் பொறுப்பேற்ற ஒரு செர்வரில் இரண்டு வெளியீடுகளுக்கு முந்தைய டிஸ்ட் கோப்புகள் தூசி படிந்து கிடந்தன.

இன்னொன்று, கேள்வி கேட்காமல் "சரி" என்ற ஒரே பொத்தானோடு வரும் நீலத் திரை. இதில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்ற தரவுத்தள மென்பொருள் பற்றி வரும் திரையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், பலர் ஏமாறும் இடம் அது. டெபியன் 11-இல் போஸ்ட்கிரெஸ் 13, 12-இல் 15, 13-இல் 17. அப்கிரேடில் உங்கள் பழைய தரவுத்தளம் தானாகப் புதிய பதிப்புக்கு மாறாது. புதிய பதிப்பு, காலியான கிளஸ்டர் (தரவுத்தளத் தொகுப்பு) ஒன்றை உருவாக்கிக்கொண்டு 5433 என்ற போர்ட்டில் உட்காரும். உங்கள் தரவோடு பழையது 5432-இலேயே தொடரும். செயலிகள் எப்போதும் போல ஓடும். நீங்களும் "போஸ்ட்கிரெஸ் 17-க்கு வந்துவிட்டோம்" என்று நிம்மதியாக இருப்பீர்கள். உண்மையில் டெபியனின் புதிய வெளியீடு கவனிக்காத பழைய பதிப்பில் இருப்பீர்கள். அந்த நீலத் திரை சொல்ல வந்தது இதைத்தான்.

மாற்றும் வழி சிறியது, ஆனால் எண்ணில் பிசகினால் கதை முடிந்தது. முதலில் முழு டம்ப் எடுத்து வேறு செர்வரில் வையுங்கள். பிஜி-எல்எஸ்கிளஸ்டர்ஸ் ஓட்டி இரண்டு கிளஸ்டர்களையும் கண்ணால் பாருங்கள். பிறகு பிஜி-டிராப்கிளஸ்டர் கொண்டு அழிக்க வேண்டியது புதியதை, அதாவது காலியாக இருக்கும் 17-ஐ. அதன் பின் பிஜி-அப்கிரேடுகிளஸ்டருக்குக் கொடுக்க வேண்டியது பழையதை, 15-ஐ. ஒரு கட்டளைக்குப் புதிய எண், அடுத்ததற்குப் பழைய எண். நான் இந்த இரண்டு வரிகளை முந்தின நாளே பட்டியலில் எழுதி, எண்ணைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தட்டுவேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பல செர்வர்களை ஒரே ஸ்கிரிப்டில் மேம்படுத்துகிறவர்களுக்கு இந்தத் திரைகள் எதுவும் வராது. கேள்வி கேட்காதே என்று, அந்தத் திரைகளைக் காட்டும் டெப்கான்ஃபுக்குச் சொல்லியிருப்பீர்கள்; பழைய கோப்பையே வைத்துக்கொள் என்று டிபிகேஜிக்கும் சொல்லியிருப்பீர்கள். அது தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வகைச் செர்வரிலும் முதலாவதைக் கையால் செய்யுங்கள். அங்கே வந்த அறிவிப்புகளுக்கு என்ன விடை என்று முடிவானபின் மற்றவற்றை ஸ்கிரிப்டிடம் விடலாம். ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸை அஞ்சல் அனுப்பவும் சொல்லலாம். அனுப்பும் இடம் ரூட் (நிர்வாகிக் கணக்கு) என்றால், அந்த அஞ்சல் உண்மையில் எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள். யாரும் திறக்காத ரூட் பெட்டியில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்து கிடப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன்.

மற்ற சிஸ்டங்களில் பெயர்தான் வேறு. ஜென்டூவில் படிக்காத செய்தி இருந்தால் பேக்கேஜ் நிறுவும் எமர்ஜ் எண்ணிக்கை சொல்லும். இசெலக்ட் நியூஸ் வழியாகப் படிக்கலாம். ஃப்ரீபிஎஸ்டியில் போர்ட்ஸ் அடைவின் அப்டேட்டிங் கோப்பைத் தேதி பார்த்துப் படிக்க வேண்டும். ஆர்ச்சில் பேக்நியூ என்ற பின்னொட்டோடு வரும் புதிய அமைப்புக் கோப்புகளைப் பேக்டிஃப் கொண்டு தீர்க்கலாம். ஆனால் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு அவர்கள் தளத்தின் முகப்பில்தான் வரும். அங்கே பேக்கேஜ் நிறுவும் பேக்மேன் தானாகச் சொல்லாது. 2012-இல் லிப் அடைவு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு) ஆனபோது, வலிந்து நிறுவச் சொல்லும் ஃபோர்ஸ் கொடுக்காதீர்கள் என்று அங்கே எழுதியிருந்தும் கொடுத்துவிட்டுச் சிஸ்டத்தை இழந்தவர்கள் உண்டு.

கடைசியாக, அறிவிப்பைத் தவறவிட்டாலும் பிடித்துக் கொடுக்கும் ஒரு வேலை. அப்கிரேடுக்கு முன் மூன்று கட்டளைகளின் விடையைக் கோப்பில் வாங்கி வைக்கிறேன்: கெர்னல் அமைப்புகள் முழுவதும், கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டுகள், ஓடிக்கொண்டிருக்கும் சேவைகள். டிஎம்பியில் வைக்காதீர்கள்; மறுதொடக்கத்துக்குப் பின் அது நினைவகத்தில் புதிதாகத்தான் தொடங்கும். எல்லாம் முடிந்து மறுதொடக்கம் ஆனதும் அதே மூன்றையும் மறுபடி வாங்கி டிஃப் போட்டு ஒப்பிடுகிறேன். பதிப்பு மாறியதால் நூறு வரி போல வேறுபாடு வரும், பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும். அந்த இரவில் கேட்வேயில் இதைச் செய்திருந்தால், ஐபி ஃபார்வர்டிங், முன்பு 1, இப்போது 0 என்று அந்த நூற்றுக்குள் ஒரு வரி இருந்திருக்கும்.